பெருவிரல் கோணலும் அறுவைச் சிகிச்சையும்

கால் பெருவிரல் அடுத்த விரலை நோக்கிச் சாய, அதன் அடிமூட்டு உட்பக்கமாகப் புடைத்து நிற்பதை மருத்துவர்கள் 'பனியன்' என்பர். நாம் உடுத்தும் பனியனுக்கும் இதற்கும் உறவு இல்லை! இது சதை வளர்ச்சி அன்று. எலும்பே இடம் விலகி நிற்கிறது. ஆகவே பற்றோ களிம்போ இதனைக் கரைக்க மாட்டா. தியாகராய நகர்க் கடைகளில் அழகுக்கென வாங்கும் கூர்முனைச் செருப்பு நோவை மிகுவிக்கும். முதலில் முன்புறம் அகன்ற செருப்பை அணிந்து பார்த்தல் வேண்டும்.

அதன் பின்னும் நடை தடைப்படின், இராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் எலும்பு மருத்துவரைக் கண்டு அறுவைச் சிகிச்சை பற்றிக் கேட்கலாம். புடைப்பை மட்டும் சீவினால் கோணல் பெரும்பாலும் திரும்பி வரும். ஆதலின் விரலுக்குப் பின்னுள்ள எலும்பை அறுத்து, நேராக்கி, திருகாணியால் பொருத்துவர். எலும்பு கூட ஏறத்தாழ 6 வாரமாகும். வீக்கம் வடியப் பல மாதங்கள் செல்லும். சேற்றில் இறங்கும் உழவர் நடவும் அறுவடையும் முடிந்த பின்னரே நாள் குறிப்பது நலம்.

நீரிழிவு உடையோர் பாதத்தின் இரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் சோதித்தறியாமல் இதற்கு இசையலாகாது. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்கள் பெரும்பாலும் உணர்ச்சியின்மையால் விளைபவை என்று கண்டார். நீரிழிவால் மரத்த காலுக்கும் அதுவே பொருந்தும்: புடைப்பு உராய்ந்து புண்ணாயினும் நோவு தெரியாது. அத்தகையோரைக் காணும் பஞ்சாயத்து உறுப்பினர் அன்றே மருத்துவரிடம் அனுப்புவாராக.