படகிலா, கரையிலா? கடலில் மூழ்கச் செல்லும் தம்பதியருக்குச் சில மருத்துவக் குறிப்புகள்

அண்மையில் ஒரு மாலை, என் புறநோயாளர் அறைக்கு ஓர் இளம் தம்பதியர் வந்தனர். கணவர் ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் பிரஸ் ஷாப் பொறியாளர். மனைவி சுங்குவார்சத்திரத்துக்கு அருகே ஒரு மின்னணுச் சாதன ஆலையில் தர ஆய்வாளர். இருவருக்கும் அன்று நோய் ஏதுமில்லை. கையில் ஒரு படிவம் இருந்தது. ஸ்கூபா டைவிங், அதாவது காற்று உருளையை முதுகில் சுமந்து கடலுக்குள் மூழ்குவதற்கு முன் நிரப்ப வேண்டிய உடல்நலக் கேள்விப் படிவம் அது. 'ஆஸ்துமா உண்டா?' என்ற கேள்விக்கு அந்தப் பெண் உண்மையாக 'ஆம்' என்று குறித்திருந்தார். ஆகவே மருத்துவரின் கையெழுத்து தேவைப்பட்டது.

கையெழுத்தைவிட அவர்களுக்குள் இருந்த வழக்குதான் பெரிதாக இருந்தது. திருமணமாகி ஓராண்டு. இருவருக்கும் ஒரே வாரத்தில் விடுப்புக் கிடைப்பது ஷிஃப்ட் முறையில் வேலை செய்வோருக்கு எளிதன்று. கிடைத்துவிட்டது. கணவர் மாலத்தீவில் ஏழு இரவுகள் படகிலேயே தங்கி, நாளொன்றுக்கு மூன்று முறை மூழ்கும் பயணத்தை விரும்பினார். அதை லிவ்அபோர்டு என்பார்கள். மனைவி அந்தமானில் ஸ்வராஜ் தீவில், முன்பு ஹேவ்லாக் என்று அறியப்பட்ட இடத்தில், கரையில் அறை எடுத்துத் தங்கி, விரும்பிய நாளில் மட்டும் மூழ்கலாம் என்றார். "நீங்களே சொல்லுங்க டாக்டர், எது நல்லது?" என்று கேட்டார் கணவர்.

விடுமுறைத் தகராற்றில் தீர்ப்புச் சொல்வது நுரையீரல் மருத்துவரின் வேலையா என்று முதலில் தோன்றியது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழை நினைவுக்கு வந்ததால் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலவில்லை.

அப்போது வந்தவர் ஓர் அசெம்ப்ளி லைன் தொழில்நுட்பர். வலது தோளில் வலி, முன்கையில் மரமரப்பு, இனம் தெரியாத அசதி. கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி நாள் முழுவதும் போல்ட் இறுக்கும் வேலை அவருடையது. தசைப்பிடிப்பு என்று கருதி வலிநிவாரணி கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தபோது மரமரப்பு கூடியிருந்தது. உடன் வந்த மனைவி, ஏதோ பேச்சில், கைப்பேசியில் இருந்த படங்களைக் காட்டினார். தேனிலவுக்கு ஒரு தீவுக்குச் சென்றிருக்கிறார்கள். அவர் நான்கு நாள் தொடர்ந்து கடலில் மூழ்கியிருக்கிறார். கடைசி நாள் காலை இரண்டு முறை மூழ்கிவிட்டு, அன்று மாலையே விமானம் ஏறியிருக்கிறார். மூழ்கும் நிலையத்தில் விமான நேரத்தைக் கேட்டபோது, 'நாளைக்குத்தான்' என்று சொல்லிவிட்டாராம். அவர் அங்கே உண்மையைச் சொல்லவில்லை. நான் இங்கே அதைக் கேட்கவில்லை. உடனே ஆக்சிஜன் கொடுத்து, சென்னையில் உயர் அழுத்த அறை வசதியுள்ள மையத்துடன் பேசி அனுப்பினோம். பெரும்பாலும் குணமானார். இரண்டு விரல்களின் மரமரப்பு மட்டும் பல மாதங்கள் நீடித்தது.

அவருக்கு வந்தது அழுத்தக்குறைவு நோய். அது எப்படி உண்டாகிறது என்பதை அறிந்தால், படகா கரையா என்ற கேள்வியின் பாதி விளங்கிவிடும்.

ஆலையில் அழுத்தமானியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. தரையில் ஒன்று, 10 மீட்டரில் இரண்டு, 30 மீட்டரில் நான்கு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவானது நைட்ரஜன். தரையில் அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட, அது இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுவிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலேறினால் கரைந்த வழியே நுரையீரல் வாயிலாக வெளியேறிவிடும். விரைந்து ஏறினாலோ, முழுவதும் வெளியேறுமுன் இன்னும் அழுத்தம் குறைந்த இடத்துக்குச் சென்றாலோ, கோலி சோடாவின் குண்டை அழுத்தியவுடன் பொங்குவதுபோல் உடலுக்குள் குமிழிகள் தோன்றும். மூட்டில் தோன்றினால் வலி, தோலில் தோன்றினால் அரிப்பும் தடிப்பும், முதுகுத்தண்டில் தோன்றினால் கால் செயலிழப்பு.

இந்நோயை முதலில் பெருமளவில் கண்டது கடலில் அன்று, கட்டுமானத்தில். 1870களில் அமெரிக்காவின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அடித்தளம் இட்ட தொழிலாளர்கள், அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் வேலை செய்துவிட்டு மேலே வந்ததும் மூட்டு வலியால் வளைந்து துடித்தனர். அப்பாலத்தின் தலைமைப் பொறியாளரே அந்நோயால் முடங்கினார். நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்பதை 1878இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் விளக்கினார். படிப்படியாக மேலேறும் அட்டவணையை 1908இல் ஹால்டேன் வெளியிட்டார். இது முதன்முதலில் தொழிலாளரின் நோயாக அறியப்பட்டது என்பதை ஒரு தொழிற்பேட்டையின் மருத்துவமனையில் இருந்து எழுதும்போது குறிப்பிடத் தோன்றுகிறது. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த நம் முன்னோர் மூச்சடக்கி மூழ்கியவர்கள். அழுத்தக் காற்றை ஆழத்தில் சுவாசிக்காததால், இந்த இடர் அவர்களுக்கு மிகக் குறைவு.

விமானத்துக்கு வருவோம். பயணிகள் விமானத்தின் உட்புற அழுத்தம் தரையில் உள்ளதைப் போன்றதன்று. ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஆகவேதான், ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறையோ பல நாட்களோ மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்று டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் பன்னாட்டு அமைப்பு அறிவுறுத்துகிறது. நான் என் நோயாளிகளிடம் முழுதாக ஒரு நாள் என்றே சொல்கிறேன். கணக்குப் போட்டுக் குறைக்க மனம் இடம் கொடுக்காது. இலங்கைக்குச் செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹிக்கடுவாவில் காலையில் மூழ்கிவிட்டு மாலையில் காரில் நுவரெலியா ஏறுவதும் இதே தவறுதான். அவ்வூர் 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது.

இப்போது அந்தத் தம்பதியரின் கேள்வி. படகில் தங்குவதில் உண்மையான நன்மைகள் உண்டு. கரையிலிருந்து தொலைவிலுள்ள பவளத்திட்டுகளை அடையலாம். ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டி அலைய வேண்டியதில்லை. நன்கு பயின்ற, இருவரும் சமமாக மூழ்கக்கூடிய தம்பதியருக்கு அது சிறந்த பயணம். மாலத்தீவில் பொழுதுபோக்காக மூழ்குவோருக்கு 30 மீட்டரே எல்லை என்று விதியும் உண்டு. ஆனால் நாளுக்கு மூன்று முறை, ஆறு நாள் என்றால் பதினெட்டு முறை. ஒவ்வொரு முறையும் முந்தையதன் நைட்ரஜன் மீதி உடலில் இருக்கும்போதே அடுத்தது தொடங்குகிறது. கணினி அணிந்து, இடைவெளி விட்டு, நன்றாக நீர் அருந்தி மூழ்குவோருக்கு இது தாங்கக்கூடியதே. நைட் ஷிஃப்ட் முடித்த களைப்போடு நேரே விமான நிலையம் சென்று, கடல் குமட்டலில் வாந்தியெடுத்து உடல்நீர் வற்றியவருக்கு அன்று. குமட்டல் மாத்திரைகள் பல தூக்கம் வருவிப்பவை. அவற்றோடு ஆழத்துக்குச் செல்லலாகாது.

என்னைக் கூடுதலாகத் தயங்கவைப்பது வேறொன்று. படகில் 'இன்று நான் வரவில்லை' என்று சொல்வது கடினம். பணம் முழுவதும் முன்பே கட்டியாயிற்று. எல்லோரும் ஆடை மாற்றிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு முறை தவறினால் அந்த இடத்துக்குப் படகு திரும்பாது. ஆகவே மூக்கடைப்போடு மூழ்குகிறார்கள், காதுவலியோடு மூழ்குகிறார்கள். மூழ்குவோருக்கு மிக அதிகமாக நேரும் காயம் காதில்தான். இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, நடுச்செவியின் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். சளி அடைத்திருந்தால் அது நடக்காது. வலுக்கட்டாயமாக ஊதினால் செவிப்பறையோ, அரிதாக உட்செவியோ சேதமடையும். பிரஸ் ஷாப்பின் இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு ஏற்கெனவே கேட்புத்திறன் சற்றுக் குறைந்திருக்கலாம். ஆலையில் ஆண்டுதோறும் எடுக்கும் கேட்புப் பரிசோதனை அறிக்கையை எடுத்து வாருங்கள் என்று கணவரிடம் சொன்னேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் அதைப் பார்த்த பிறகே அவருடைய பயணம் முடிவாக வேண்டும். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. தம் மனைவிக்கு மட்டுமே பரிசோதனை என்று எண்ணி வந்திருந்தார்.

மனைவியின் ஆஸ்துமாவைப் பற்றி நேர்மையாகப் பேசினோம். ஆஸ்துமா உள்ள எவரும் மூழ்கவே கூடாது என்பது பழைய கருத்து. நன்கு கட்டுப்பாட்டில் உள்ளவர்கள், நுரையீரல் செயல்திறன் சோதனை இயல்பாக இருந்தால், மூழ்கலாம் என்பதே இன்று பல வல்லுநர்களின் நிலை. ஓட்டத்தாலோ குளிராலோ பதற்றத்தாலோ இழுப்பு வருபவர்களுக்கு அந்த அனுமதி இல்லை. கடந்த 48 மணி நேரத்தில் இழுப்பைத் தணிக்கும் இன்ஹேலர் தேவைப்பட்டிருந்தாலும் அன்று மூழ்கக் கூடாது. காரணம் எளியது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரு மடங்காக விரியும். சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் அது சிக்கிக்கொண்டால் நுரையீரல் கிழியக்கூடும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறாதே என்பது இக்கலையின் முதல் பாடமாக இருப்பதும் இதனால்தான். முன்பு தானாகவே நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு ஏற்பட்டவர்களுக்கு நான் கையெழுத்திடுவதே இல்லை. கட்டுப்படாத வலிப்பு, சீரற்ற இதயநோய் உள்ளவர்களுக்கும் அப்படியே.

அந்தப் பெண்ணை ஓடவிட்டு, முன்னும் பின்னும் ஊதச் சொல்லிச் சோதித்தோம். முடிவு இயல்பாகவே இருந்தது. பிறகு கணவரைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு, மாதவிலக்குப் பற்றிக் கேட்டேன். குழந்தைக்கு முயன்றுகொண்டிருப்பதாகச் சொன்னார். கருவுற்றிருந்தால் மூழ்கக் கூடாது. குமிழிகள் கருவை எவ்வாறு பாதிக்கும் என்பதை மனிதரில் சோதித்துப் பார்க்க எவரும் துணியமாட்டார்கள். ஆகவே எச்சரிக்கையே வழி. புறப்படும் வாரத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஆம் என்றால் மூழ்காதீர்கள் என்றேன். "அப்படி ஆயிட்டா, ஏழு நாள் படகுல நான் மட்டும் என்ன டாக்டர் பண்றது?" என்றார் அவர்.

என் தீர்ப்பை அவரே சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். கரையில் தங்கினால் ஒருவர் மூழ்க, மற்றவர் மணலில் நடக்கலாம். சளி பிடித்த நாளில் உறங்கலாம். பிடிக்கவில்லையென்றால் முதல் நாளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஸ்வராஜ் தீவிலிருந்து போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம், இரண்டு மணி நேரம் அளவிலான படகுத் தொலைவு. அழுத்தக்குறைவு நோய்க்கு உரிய மறுஅழுத்த அறை அங்குள்ள கடற்படை மருத்துவமனையில் உள்ளது. புறப்படுமுன் அது இயங்குகிறதா என்று மூழ்கும் நிலையத்தாரிடம் கேட்க வேண்டும். மாலத்தீவிலும் அத்தகைய அறை உண்டு. தொலைவான பவளத்தீவுக் கூட்டத்தில் மிதக்கும் படகிலிருந்து அதை எத்தனை மணி நேரத்தில் அடையலாம் என்பதே கேள்வி. எங்கு சென்றாலும், முழு ஆக்சிஜன் உருளையும் முகமூடியும் படகில் உள்ளனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். மூழ்கிய ஒரு நாளுக்குள் மூட்டுவலி, மரமரப்பு, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான அசதி எது வந்தாலும் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுப்பதே முதல் உதவி. வலிநிவாரணியை விழுங்கிவிட்டு விமானம் ஏறுவது அன்று.

காப்பீட்டையும் பாருங்கள். ஆலையின் குழு மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு பற்றிய விலக்கு எப்படி எழுதப்பட்டுள்ளது, வெளிநாட்டில் செல்லுமா என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

கணவர் எளிதில் இணங்கவில்லை. அவர் புதுச்சேரியில் பயின்று சான்றிதழ் பெற்றவர். எட்டு முறை மூழ்கியிருக்கிறார். மனைவியோ ஒரு முறையும் மூழ்கியதில்லை. பல படகுகள் எட்டு முறை அனுபவத்தை ஏற்பதே இல்லை என்பதை அவரிடம் நினைவூட்டினேன். பெரும் பணத்தைக் கட்டுமுன், ஒரு வார இறுதியில் அதே புதுச்சேரிக்கு மனைவியை அழைத்துச் சென்று, முதலில் நீச்சல் குளத்தில் காது சமனாகிறதா, முகமூடிக்குள் பதற்றம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள் என்றேன். இங்கிருந்து காரில் சில மணி நேரப் பயணம்தானே.

அந்தமானுக்குத்தான் சென்றார்கள். ஊர் திரும்பியதும் அந்தப் பெண் மறுபரிசோதனைக்கு வந்தார். இரண்டு நாள் மூழ்கினாராம், 12 மீட்டரைத் தாண்டாமல். மூன்றாம் நாள் மூக்கடைத்துக்கொண்டதால் கரையிலேயே இருந்துவிட்டார். கணவர் மட்டும் சென்றார். கடைசி நாள் இருவரும் கடலில் இறங்கவில்லை. ஸ்ரீ விஜயபுரம் வந்து செல்லுலார் சிறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் விமானம் ஏறியிருக்கிறார்கள்.

எங்கள் புறநோயாளர் பிரிவில் மூட்டுவலி, மரமரப்பு என்று வருவோரிடம் கேட்கும் கேள்விகளில், அண்மைப் பயணம் பற்றிய ஒன்றை நான் இப்போது சேர்த்திருக்கிறேன். யாரேனும் கேட்க மறந்தால், கடலில் மூழ்கியதை நீங்களே சொல்லிவிடுங்கள்.