நெடும்பயணமும் ஓட்டுநர் இருக்கையும்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் கிளையின் வாகனக் கடன் மேசை முன்னே கூட்டம் சற்றுக் கூடும். செம்பூர், மாட்டுங்கா, தாராவி என முகவரிகள் வேறுபட்டாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர ஒரு டீசல் எஸ்யூவி எடுக்கலாமா சார்?” ஊர் என்பது பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமை. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்னர்தான் திறக்கிறது. விடுமுறைக் காலத்தில் ஆறு பேருக்கு ஒரே பெட்டியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் விடையை விலைப்பட்டியலில் மட்டும் தேடுவதில்தான் தவறு நேர்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரே வாகனத்தின் டீசல் வகை பெட்ரோல் வகையைவிட ரூ.1,50,000 கூடுதல் என்று கொள்வோம். பெட்ரோல் லிட்டர் ரூ.104, ஓட்டம் 11 கி.மீ.; டீசல் ரூ.90, ஓட்டம் 15 கி.மீ. எனில், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ரூ.3.45 மிச்சமாகும். கூடுதல் தொகையையும் 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் வட்டி மட்டும் சுமார் ரூ.36,800. இரண்டையும் சேர்த்து மீட்க 54,000 கி.மீ. ஓட வேண்டும். ஊருக்குப் போய்வர 3,200 கி.மீ., நகருக்குள் 6,000 கி.மீ. என ஓட்டுபவருக்கு இது ஏறத்தாழ ஆறு ஆண்டு. இவை எடுத்துக்காட்டு எண்களே. உங்கள் விற்பனையாளர் தரும் எண்களை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்தபின் விற்கப்படும் டீசல் கார்களில், சர்வீஸ் நிலையத்தார் டி.பி.எஃப். என்று சொல்லும் புகைக்கரி வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி தானே எரிந்து தீர, வண்டி நிற்காமல் சற்று வேகத்தோடு சிறிது நேரம் ஓட வேண்டும். சயான் சந்திப்பில் ஊர்ந்து கொண்டே ஆண்டின் பதினொரு மாதத்தைக் கழிக்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பு அரிது. எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் வாஷி பாலம் தாண்டி ஒரு சுற்றுப் போய்வருவதை என் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகவே வைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு டீசல் வண்டியின் நெடுஞ்சாலை இயல்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை கிடைப்பதால், ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறியிருந்தாலும் சாத்தாராவுக்கு முன்னுள்ள கம்பட்கி மலைப்பாதையில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. ஒரு முறை நிரப்பினால் பல நூறு கி.மீ. போகலாம். வண்டி சலிப்பதில்லை.

சலிப்பது ஓட்டுபவர்தான். 2023 மே மாதத்தில் இதை நான் நேரில் கற்றேன். செம்பூரிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு ஹுப்பள்ளியில் மதிய உணவை முடித்துக்கொண்டு, இரவுக்குள் பெங்களூரு என்று திட்டம். தாவணகெரே தாண்டிய வேளை பிற்பகல் நான்கு. குளிர்ந்த காற்று, மெத்தென்ற இருக்கை, சத்தமில்லாத எஞ்சின், மணிக்கு 90 கி.மீ. வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் குரூஸ் வசதி. கண்ணை மூடியதாக நினைவே இல்லை. ஓரக் கோட்டின் மேடுகளில் சக்கரம் ஏறித் தடதடத்தபோதுதான் விழித்தேன். பின்னால் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்ப் புட்டியை மட்டும் நீட்டினாள். 90 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் நகர்கிறது. மூன்று நொடி உறக்கம் என்றால் 75 மீட்டர் தூரத்துக்கு வண்டியில் ஓட்டுநரே இல்லை.

அன்று முதல் ‘வசதி’ என்ற சொல்லை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். களைப்பைக் குறைக்கும் வசதி ஒன்று. களைப்பை மறைக்கும் வசதி மற்றொன்று. பழைய ஜீப்பில் முதுகும் காதும் இரண்டு மணி நேரத்தில் முறையிட்டு வண்டியை நிறுத்தச் செய்துவிடும். இன்றைய எஸ்யூவியில் உடல் முறையிடுவதில்லை. மூளை மட்டும் ஓசையின்றித் தளர்கிறது. விற்பனைக் கூடத்தில் நமக்குக் காட்டப்படுபவற்றில் பெரும்பகுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

முதல் வகை பெரும்பாலும் செலவில்லாதது. இடுப்பை இருக்கையின் பின்புறம் முட்டும்படி வைத்து உட்காருங்கள். கிளட்சை முழுதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். தோள் சாய்மானத்தை விட்டு விலகாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். தலைச் சாய்மானத்தின் மேல் விளிம்பு காதின் மேல்நுனிக்குக் கீழே இறங்கக் கூடாது. உயரமாக உட்கார்ந்தால் சாலை நன்றாகத் தெரியும் என்று இருக்கையை முழுதும் ஏற்றிவிட்டுத் தொடைக்குத் தாங்கல் இல்லாமல் ஓட்டுபவர்கள் பலர். நானூறாவது கிலோமீட்டரில் இடுப்புவலி அவர்களுக்கு அதைச் சொல்லும்.

அடுத்தது அதிர்வு. உட்கார்ந்த மனித உடலை மிகுதியாக வருத்துவது நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை ஏறி இறங்கும் அதிர்வு என்பது ஆய்வாளர் முடிவு. தனிச் சட்டத்தின்மேல் உடற்கூடு பொருத்திய வண்டிகள் கரடுமுரடான பாதைக்கு உறுதியானவை. ஆனால் பின்வரிசைக் குலுக்கம் பொதுவாக அவற்றில் கூடுதல். ஆகவே சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாமல், பெற்றோரை நடுவரிசையிலும் பிள்ளைகளைக் கடைசி வரிசையிலும் அமர்த்திப் போங்கள். குலுக்கம் குறையும் என்றோ, வெயிலில் டயர் வெடிக்கும் என்று அஞ்சியோ காற்றைக் குறைத்து வைப்பது ஒரு பரவலான பிழை. காற்றுக் குறைந்த டயர்தான் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கிறது. முழுச் சுமைக்கான அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அதன்படி நிரப்ப வேண்டும்.

இனி நேரம். நள்ளிரவு இரண்டு முதல் விடியல் ஆறு வரையும், பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரையும் உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். நம்மவர் ‘நெரிசல் இராது’ என்று தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் முதல் வேளையைத்தான். நானும் அப்படித்தான் செய்தேன். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பொதுவாக வேலை வாங்கக் கூடாது என்றும், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. லாரி ஓட்டுநருக்குச் சட்டம் தந்த இத்தகைய காவல் சொந்தக் காரில் போகும் குடும்பத் தலைவருக்கு இல்லை. அதை அவரே விதித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணிக்கொரு முறை இறங்கி நடப்பது, கண் கனத்தால் இருபது நிமிடம் வண்டியை நிறுத்தி உறங்குவது, உட்காற்றையே சுழலவிடாமல் அவ்வப்போது வெளிக்காற்றை உள்ளே விடுவது ஆகியவை போதும். காப்பி வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். குடித்த கையோடு கண்ணயர்ந்தால் இரண்டின் பயனும் கிட்டும். சன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் சில நிமிட ஏமாற்று.

மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 1,600 கி.மீ. இப்போது நாங்கள் அதை மூன்று பகலாகப் பிரித்துவிட்டோம். 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஹுப்பள்ளி வரை ஒரு நாள். பெங்களூருவைச் சுற்றிக் கடந்து கிருஷ்ணகிரி வரை இரண்டாம் நாள். 44ஆம் எண் சாலையில் சேலம், மதுரை வழியாக மூன்றாம் நாள். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைத்தே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து உருளவிட்டால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசை தீர்ந்து மிதி கல்லாகிவிடும். இரண்டு இரவு விடுதிச் செலவு கூடுகிறதே என்பார்கள். அதையும் பயணச் செலவில் எழுதிவிட்டே கணக்குப் போடுங்கள். அப்போதுதான் ரயில் கட்டணத்தோடு ஒப்பிடுவது நேர்மையான ஒப்பீடாகும்.

எங்கள் மேசை தொடர்பான மூன்று செய்திகள். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு அனுமதி உண்டு; தொடக்கத்தில் அதன் கட்டணம் ரூ.3,000. ஓராண்டு அல்லது 200 கடப்புகள், எது முன்னதோ அதுவரை. அது தேசிய நெடுஞ்சாலைகளுக்கே என்பதால், மாநில நிறுவனத்தின் கீழுள்ள மும்பை–புனே விரைவுச்சாலைக்குத் தனியே இருப்பு வேண்டும். உரிமையாளர்-ஓட்டுநருக்கான ரூ.15 லட்சம் விபத்துக் காப்பு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது உரிமையாளருக்கு மட்டுமே, வாடகை ஓட்டுநருக்கோ மைத்துனருக்கோ அல்ல. வெள்ளைப் பலகை வண்டியில் அக்கம்பக்கத்தாரைக் கட்டணம் வாங்கி ஏற்றிச் சென்றால், விபத்து நேர்ந்தபின் காப்பீட்டாளர் இழப்பீட்டை மறுக்கலாம். அப்போதும் மாதத் தவணை மட்டும் நிற்காது.

சென்ற மே மாதம் மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். “இவ்வளவு பெரிய வண்டி வாங்கியும் மூணு நாளா?” என்றார் அம்மா. இரவு உணவுக்குப் பின் அவரோடு திண்ணையில் பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் வந்து இறங்கிய இரவு நான் விழித்திருந்ததே இல்லை.