பார்த்தீனியம்: சாலையோரத்தில் தடுத்தால் வயல் தப்பும்

சாலையோரங்களில் தும்பை, துத்தி, நாயுருவி, கொழுஞ்சி, ஆவாரை முதலியன இயல்பாக வளர்பவை. இவற்றுள் கொழுஞ்சியும் ஆவாரையும் வயலுக்குத் தழை உரமாகின்றன. இந்த இடத்தைப் பல ஊர்களில் பார்த்தீனியம் பிடித்துக்கொண்டுள்ளது. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இக்களை, 1955-ல் புனேயில் கவனத்துக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவியது.

நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உண்டாக்கும். லாரிச் சக்கரச் சேறு, சாலைக்குக் கொட்டும் மண், மழைநீர், வைக்கோல் ஆகியவற்றோடு விதை பரவுகிறது. சாலையில் காயவைக்கும் தானியத்திலும் கலந்துவிடும். இச்செடி தோல் அரிப்பையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். மாடு தின்றால் பால் கசக்கும்.

கணக்கெடுக்கும் முறை

வயலுக்கு வருமுன் இக்களை பெரும்பாலும் சாலையோரத்தில் தலைகாட்டும். எனவே மழை பெய்த 15 நாட்களில் சாலையோரத்தைக் கணக்கெடுக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டிக்கொள்ளவும். நூறு தப்படிக்கு ஒரு முறை நின்று, தார் ஓரம், நடுப்பகுதி, வரப்பு ஓரம் ஆகிய மூன்று இடங்களில் சதுரத்தை வைக்கவும். களை அடர்ந்த இடமாகப் பார்த்து வைத்தால் கணக்கு தவறும். உள்ளே பார்த்தீனியம் எத்தனை, பூத்தவை எத்தனை, மற்ற செடிகள் என்னென்ன என்று நோட்டில் குறிக்கவும். மதகு, லாரி நிற்கும் இடம், மண் கொட்டிய இடம் ஆகியவற்றைத் தனியே குறிக்கவும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதே இடங்களில் எண்ண வேண்டும்.

தார் ஓரத்தில் மட்டும் செடி இருந்தால் களை இப்போதுதான் வந்துள்ளது. ஓரிரு ஆட்கள் பிடுங்கிவிடலாம். வரப்பு ஓரத்திலும் எண்ணிக்கை ஏறினால் அடுத்த மழையில் வயலுக்குள் வந்துவிடும் என்று கொள்ளலாம்.

கட்டுப்பாடு

முளைத்த சுமார் ஒரு மாதத்தில் செடி பூக்கத் தொடங்கும். அதற்கு முன், மண் ஈரமாக இருக்கையில் கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடியை மக்க வைத்து உரமாக்கலாம். பூத்ததை எருக்குழியில் போடக் கூடாது.

பயிரில்லாத இடங்களில் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் நாளில், பூக்கும் முன் செடி நனையத் தெளிக்கலாம். உப்பு மண்ணைக் கெடுக்கும் என்பதால் வரப்பு ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் இதைத் தெளிக்கக் கூடாது.

1984-ல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிகோ வண்டு, மழைக்காலத்தில் இலைகளைத் தின்று களையைக் குறைக்கிறது. வண்டு தின்னும் இடத்தில் மருந்து தெளிக்காமல் விடுவது நல்லது.

களையெடுத்த இடத்தை வெறுமனே விட்டால் மீண்டும் பார்த்தீனியமே முளைக்கும். அங்கு ஆவாரை, தகரை விதைகளைத் தூவி வளர்க்க வேண்டும். ஒருவர் பிடுங்கி அடுத்தவர் விட்டுவிட்டால் பயனில்லை. ஒரே சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்போர் ஒரே வாரத்தில் சேர்ந்து இப்பணியை முடிப்பது நலம்.