அம்மம்மா தாட்டு வைத்த பவுணும் அரசுக்கு உரிய காசும்

கேள்வி: எங்கள் அம்மம்மாவின் வீடு வேலணைத் தீவில், சாட்டிக் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறது. 1990 இல் இடம்பெயர்ந்தபோது நகைகளைப் பால்மா ரின் ஒன்றில் போட்டு வளவுக்குள் தாட்டுவிட்டு வந்ததாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. வீடு இப்போது கூரையில்லாமல் பற்றை மண்டிக் கிடக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உலோகம் தேடும் கருவி ஒன்று கொண்டுபோக எண்ணுகிறேன். எதை வாங்கலாம்? சட்டத்தில் தடை உண்டா?
— லண்டன் வாசகர் ஒருவர்

பதில்: 1990 ஓகஸ்ட்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றில் இப்படியொரு கதை இருக்கிறது. இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று நம்பித்தான் கிணற்றடியிலும் அடுப்படியிலும் தாட்டார்கள். வாசகர் கருவியைப் பற்றி முதலில் கேட்கிறார். சட்டம் முதலில் கேட்பது வேறு: நிலத்துக்குள் இருக்கும் பொருள் எந்தக் காலத்தது, அது யாருடையது?

இலங்கையின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2 ஆம் திகதியை அது எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு முற்பட்ட நாணயம், நகை, ஆயுதம், சிலை போன்றவை தொல்பொருள். அவை ஒருவருடைய காணியில் கிடைத்தன என்பதற்காக மட்டும் அவருக்குச் சொந்தமாகிவிடமாட்டா. கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசின் உடைமை. அவற்றைத் தேடித் தோண்ட, காணிச் சொந்தக்காரருக்கும் தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அம்மம்மா 1990 இல் தாட்ட தாலிக்கொடி இந்த வரையறைக்குள் வராது. அது சொந்தக்காரர் தெரிந்த, வாரிசுகள் உள்ள பொருள்.

ஆனால் கருவி ஆண்டு பார்த்துச் சத்தம் போடாது.

சாட்டி இருக்கும் அதே வேலணைத் தீவில்தான் அல்லைப்பிட்டியும் இருக்கிறது. அங்கே கிடைத்த சோங் காலச் சீனப் பீங்கான்களை 1970களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் ஆராய்ந்தார். 2018 இல் ஷாங்காய் அருங்காட்சியகக் குழு இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து அகழ்ந்தது. இப்படிப்பட்ட மண்ணில் ஒல்லாந்தர் காலச் செப்புக்காசு ஒன்று ரின்னுக்கு முன்னரே வெளிப்படலாம். அந்த இடத்தில் தோண்டுவதை நிறுத்தி, திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ உடனே அறிவிக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டால், நேர்மையாகத் தொடங்கிய தேடல் குற்றமாகிவிடும். 1998 இல் இச்சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இதன் கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டவர் பிணை பெறுவது மிகவும் கடினம். விடுமுறைக்கு வந்தவருக்கு இதன் பொருள் விளங்கும். ஸ்கானரோடும் பூசைப் பொருட்களோடும் புதையல் தோண்டியவர்கள் பிடிபட்ட செய்திகள் நாட்டில் அடிக்கடி வருகின்றன. பொலிஸின் கண்ணுக்கு முதலில் படுவது கருவியும் குழியும்தான்; அம்மம்மாவின் கதை அதற்குப் பிறகுதான் வரும்.

இங்கிலாந்துப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. அங்கே 1996 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, கண்டெடுத்தவர் 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்தால், அருங்காட்சியகம் கொடுக்கும் தொகையில் அவரும் காணிக்காரரும் பங்கு பெறலாம். இலங்கையில் வயலில் பொழுதுபோக்காகக் கருவியோடு நடப்பதற்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை.

இழந்த பொருளில் அரசுக்கு எவ்வளவு, உடையவனுக்கு எவ்வளவு என்ற வழக்கு தீவகத்துக்குப் புதிதுமல்ல. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மற்றது உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிவந்த கப்பல் என்றால் சரிபாதி என்று அது வகுக்கிறது. உடையவன் இன்னார் என்று தெரிந்தால் அவன் உரிமை முற்றாகப் போகாது என்பதை அக்காலமே ஏற்றிருக்கிறது.

இனிக் கருவி. 10 கிலோஹேர்ட்ஸில் மட்டும் இயங்கும் கரெட் ஏஸ் 400 போன்றவை விலை குறைந்தவை. உப்பு ஊறிய ஈர மணலில் பொய்ச் சத்தம் போடக்கூடியவை. சாட்டிக் கரையோர வளவுக்கு மைன்லாப் ஈக்வினொக்ஸ், நொக்டா லெஜண்ட் போன்ற பல அதிர்வெண் கருவிகள் பொருத்தம். பல்ஸ் இண்டக்சன் வகை உப்பைத் தாங்கும். ஆனால் இரும்பையும் பொன்னையும் பிரித்துச் சொல்வதில் பலவீனமானது. இடிந்த வீட்டில் அது ஒவ்வொரு கூரை ஆணிக்கும் கத்தும். ஆணி நிறைந்த சுவரடிக்குக் கருவியின் முனையில் சிறிய சுருள் வேண்டும், திறந்த வளவுக்குப் பெரியது. பலர் தவறவிடும் ஒன்று உண்டு: இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு தேடினால், பால்மா ரின்னே ஒதுக்கப்பட்டுவிடலாம். ரின் இரும்புத் தகடு. அது துருப்பிடித்துச் சிதறியிருந்தால், மூடிய வளையமான காப்பு நன்றாகச் சத்தம் கொடுக்கும். மெல்லிய சங்கிலி அவ்வளவு கொடுக்காது. தனிக் காசு ஓர் அடிக்குக் கீழே போனால் பெரும்பாலும் அகப்படாது. மரங்கள் போயிருக்கும், கிணறு அங்கேயே இருக்கும். அம்மம்மா சொன்ன தூரத்தைக் கிணற்றுக் கட்டிலிருந்து அளப்பது நல்லது. கருவியைக் கொண்டுவர அனுமதி தேவையா என்று சுங்கத்திடமும் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடமும் பயணத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

கருவி கையிலிருக்கிறது என்ற துணிவு ஓரிடத்தில் ஆளைக் கொல்லும். பல மிதிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு. புலிகளின் ஜொனி வெடிக்கு உடல் மரப்பெட்டி. காசு தேடும் கருவி அமைதியாக இருப்பதால் நிலம் பாதுகாப்பானது என்று ஆகாது. ஹலோ ட்ரஸ்ட் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் 2002 முதல் வடக்கில் ஆண்டுக்கணக்கில் மண்டியிட்டு வேலை செய்வது இதனால்தான். வளவு கண்ணிவெடி அகற்றப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தாமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது. ரவையோ ஷெல்லோ தெரிந்தால் கை வைக்காமல் 119 க்கு அழைக்க வேண்டும்.

எலும்பு தெரிந்தாலும் அப்படியே நிறுத்த வேண்டும். 1990 இல் தீவகத்தில் காணாமற்போனவர்களுக்காகக் குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. செம்மணியில் 2025 பெப்ரவரியில் கட்டட வேலையின்போது வெளிப்பட்ட எலும்புகள் நீதவானின் பார்வையில் முறையான அகழ்வுக்கு வழிவிட்டன. ஒரு பற்கூட இடம்மாறாமல் இருப்பது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் நீதி.

எனவே தோண்டுவதற்கு முன், காணி உறுதியின் பிரதியோடு கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். எந்த வளவு, எந்த நாள், யார் யார், எதைத் தேடுகிறார்கள் என்று அதில் இருக்கட்டும். யாழ்ப்பாணத் தொல்பொருள் அலுவலகத்துக்கும் பிரதி ஒன்று போகட்டும். பகலில், கிராம அலுவலர் முன்னிலையில், மண்வெட்டியால் தோண்டுவதே போதும். பெக்கோ வேண்டாம், கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும்.

நகை கிடைத்தால் அது தோண்டியவருடையதல்ல, அம்மம்மாவின் ஆதனம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பத்தில் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி அது பிரியும். எது சீதனம், எது தேடியதேட்டம் என்று பழைய உறுதிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்தால், நொத்தாரிசு முன் எழுதிய அற்றோணித் தத்துவத்தை முதலிலேயே அனுப்பி வைக்கட்டும். மற்ற வாரிசுகளுக்குத் தெரியாமல் ஒருவர் எடுத்துக்கொண்டால், தண்டனைச் சட்டக் கோவையின் 386 ஆம் பிரிவில் நேர்மையற்ற கையாடல் என்று முறைப்பாடு வரலாம். எடுத்த அன்றே நிறுத்து, படம் பிடித்து, எல்லோரும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று எழுதுவது நல்லது.

வாரிசுகளில் ஒருவர் காணாமற்போனவராக இருந்தால் அவர் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது. 2016 இல் திருத்தப்பட்ட மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ், மரணச் சான்றிதழ் கேட்க மனமில்லாத குடும்பம் இல்லாமைச் சான்றிதழ் பெறலாம். அதைப் பதிவாளர் நாயகத்திடம் பெற்று, அவருடைய மனைவி பிள்ளைகள் பெயரால் அந்தப் பங்கைத் தனியே வைத்த பிறகுதான் மற்றப் பங்கீடு தொடங்க வேண்டும்.