பழைய குப்பைமேட்டு மண் வயலுக்கு ஆகுமா?

ஊர்க்குப்பை உழவனுக்கு எரு என்பது நம் முன்னோர் கண்ட முறை. அக்காலக் குப்பையில் சாணமும் சாம்பலும் இலைதழையுமே மிகுந்திருந்தன. இக்காலக் குப்பையிலோ பாட்டரியும், சாயத்தூளும், பூச்சிமருந்துப் புட்டியும் கலந்துள்ளன. பழைய குப்பைமேடுகளை அகற்றுவது, 2021-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. அவ்வாறு அகற்றும்போது கரிய பொடிமண் ஏராளமாகக் கிடைக்கும். கண்மாய்ப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பிய நம் புதுக்கோட்டைச் சீமைச் செம்மண்ணுக்கு மட்கு எப்போதும் தேவை. ஆகவே, அப்பொடிமண்ணை வாங்கலாமா என்பதை நம் அங்கத்தினர்கள் ஆராய்தல் வேண்டும்.

குப்பைமேட்டை அகற்றும் முறை எளிது. குவியலைக் கிளறி நீள்வரிசைகளாக்கி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, ஈரம் உலர்ந்தபின் சுழலும் சல்லடையில் சலிக்கின்றனர். கல் ஒருபுறமும், பிளாஸ்டிக்கும் கந்தலும் ஒருபுறமும், பொடிமண் ஒருபுறமுமாகப் பிரியும். எரியத்தக்கவை சிமெண்டு ஆலைகளுக்குச் செல்லும். இங்கே ஒன்று கவனிக்கற்பாலது: இலைதழை மட்கும், ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்கள் மட்கா. சல்லடையும் அவற்றை மண்ணிலிருந்து பிரித்தெடுக்காது.

இதற்குக் கொடைக்கானல் தக்க சான்று. அங்கே 1983-இல் நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையைப் பின்னர் இந்துஸ்தான் லீவர் கம்பெனி நடத்தியது. 2001-இல் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய சாமான் கடையொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடித் துண்டுகள் டன் கணக்கில் கிடப்பது வெளிப்பட்டது, ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்தது அகன்றது. மண்ணில் ஊறியது நின்றது. அம்மண்ணைத் தூய்மை செய்யும் பணி பல்லாண்டுகள் நீண்டது.

அப்பணிக்குக் குறித்த இலக்கு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் என்பது. அது போதாதென்று சுற்றுச்சூழல் அன்பர்கள் எதிர்த்தனர். நகரக் குப்பை உரத்துக்கு 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை வகுத்த உச்சவரம்போ கிலோவுக்கு 0.15 மில்லிகிராமே. இரண்டுக்கும் நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு! மனை நிலத்துக்குத் ‘தூய்மை’ எனப்படும் மண், எருவாகத் தகுதி பெற்றதாகாது என்பது இதனால் விளங்கும்.

நாம் செய்யத்தக்கவை இவை:

முதலாவது, அந்த மேட்டில் என்னென்ன கொட்டினார்கள் என்பதை அவ்வூர் முதியோரிடம் விசாரித்தறிய வேண்டும்.

இரண்டாவது, மண்ணைப் பரிசோதித்த சான்று கேட்க வேண்டும். வழக்கமான மண் பரிசோதனை தழை, மணி, சாம்பல் சத்துகளையும் உப்பு நிலையையுமே காட்டும். உலோகச் சோதனையைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். அவ்வாணையின்படி கிலோவுக்கு ஈயம் 100, குரோமியம் 50, காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. நெற்பயிர் காட்மியத்தை வேரால் உறிஞ்சி மணியில் சேர்க்கும் இயல்புடையது.

மூன்றாவது, சான்றில்லாத மண்ணைக் கண்மாய்க் கரையிலோ வரத்துவாய்க்காலிலோ நிரப்ப இடங்கொடுக்கலாகாது. மழை பெய்தால் அது நீரோடு வயலுக்கே வந்து சேரும்.

நான்காவது, நெசவாளர் அன்பர்கள் சாயத்தொட்டியின் அடிவண்டலையும், உழவர்கள் மருந்துப் புட்டிகளையும் குப்பையில் சேர்க்காது தனியே வைத்தல் வேண்டும். நாம் இன்று கொட்டுவதே நாளை நம்மிடம் எருவென்று விலைக்கு வரும்.

வண்டிக்கூலி மட்டும் கொடுத்தால் மண் இனாம் என்பார்கள். ஒருமுறை நிலத்தில் கலந்த உலோகத்தைத் திரும்ப எடுக்கும் செலவு நம்மால் தாங்கத்தக்கதன்று. தனித்தனியே சோதனைக் கட்டணம் செலுத்த இயலாதோர் பலர் கூடிச் சங்கத்தின் வாயிலாகச் சோதிக்கலாம். கூட்டுறவின் பயன் அதுவேயன்றோ?