கால்மாறி ஆடிய கூத்து

நுழையும்முன்

மனிதர் ஒவ்வொருவருக்கும் பிறர் அறிந்த முகம் ஒன்று உண்டு. பிறர் அறியாத முகமும் உண்டு. அறியப்படாத அம்முகத்தை அழித்துவிட முயலும்போது வாழ்வே சுமையாகிறது. அதனோடு வாழத் துணிந்த ஒருவரையும், அவ்வாறு வாழ இடமளித்த சிலரையும் மதுரை மண்ணிலிருந்து இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வெள்ளியம்பலத்தில் உள்ள நடராசர் திருமேனி தனித்தன்மை உடையது. தில்லையில் இடக்கால் தூக்கி ஆடும் இறைவன், இங்கே வலக்கால் தூக்கி ஆடுகிறான். இதற்கான காரணத்தைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கதையாகக் கூறுகிறது. 64 கலைகளுள் ஆடற்கலை ஒன்றை மட்டும் கல்லாதிருந்த இராசசேகர பாண்டியன், அதனையும் முயன்று கற்றான். கற்கையில் உடல் நொந்தது. தன் கால் வலித்த பின்னரே, ஒரே காலை ஊன்றி ஓயாது ஆடும் கூத்தனின் வருத்தம் அவனுக்குப் புலப்பட்டது. கால் மாற்றி ஆடியருளுமாறு உருகி வேண்டினான். இறைவனும் மாறி ஆடினான். அதற்கு முன்னரும் பாண்டியன் அச்சந்நிதியில் பலமுறை நின்றவன்தான். ஆடலின் அழகு அவன் கண்ணுக்குப் பட்டது. ஆடுவோனின் வலி படவில்லை.

வெள்ளியம்பலம் என்னும் அப்பெயரையே தம் நடனப்பள்ளிக்குச் சூட்டியவர், பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ். மதுரை அனுப்பானடியில் பிறந்த அவர், ஆண்பிள்ளையாகவே வளர்க்கப்பட்டார். தம் உள்ளம் பெண்மை உடையது என்பதை மிக இளமையிலேயே உணர்ந்துகொண்டார். அவ்வுணர்வைச் சொல்வதற்குரிய மதிப்பான சொல் ஒன்றுகூட அக்காலத்தில் ஊரார் வழக்கில் இல்லை; இருந்தவை யாவும் வசைச்சொற்கள். ஒத்த உணர்வுடைய தோழி சக்தி பாஸ்கர் உடனிருந்தது பேறு என்றே சொல்ல வேண்டும். தனித்து ஒருவர் தாங்க இயலாததை இருவர் பகிர்ந்து தாங்கினர். திரைப்படங்களில் வைஜெயந்திமாலாவின் ஆடலைக் கண்டு, ஆசிரியர் இன்றித் தாமாகவே ஆடிப் பழகினர். பின்னர் வீட்டைப் பிரிந்து வெளியேறும் நிலையும் வந்தது.

வைஜெயந்திமாலாவுக்கு நடனம் கற்பித்த தஞ்சாவூர் கே.பி.கிட்டப்பா பிள்ளையிடமே தாமும் கற்க வேண்டும் என்பது அவர்களின் வேட்கை. கிட்டப்பா பிள்ளை, பரதநாட்டியத்திற்கு இன்றைய கச்சேரி முறையை வகுத்தளித்த தஞ்சை நால்வரின் மரபில் வந்தவர். அவர் உடனே இசைந்துவிடவில்லை. நெடுநாள் காத்திருக்கச் செய்தார். அக்காத்திருப்பில் அவர் சோதித்தது கலையின்மீது கொண்ட உறுதியை. மாணவரின் உடல் எத்தகையது என்னும் வினா அங்கே எழவில்லை. அதன்பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர்தம் நிழலில் நர்த்தகி பயின்றார்.

'நர்த்தகி' என்பது ஆசிரியர் இட்ட பெயர்; ஆடுமகள் எனப் பொருள்படும். 'நடராஜ்' என்பது பிறந்த வீட்டில் இட்ட பெயர். புதுப்பெயர் கிடைத்ததும் பழையதைத் துறந்துவிடுவது எளிது. அவரோ இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டார். தம்மைத் தாம் ஏற்றல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. கடந்துவந்த வாழ்வில் ஒரு பகுதியை வெட்டி எறியாமலேயே அவர் தாமாக விளங்கினார்.

நர்த்தகியின் ஆடலில் சிறப்பிடம் பெறுவது நாயகி பாவம். இது தமிழ்ப் பக்தி மரபுக்குப் புதிதன்று. நம்மாழ்வார் பெண்ணுள்ளம் பூண்டு பாடும்போது பராங்குச நாயகி எனப்படுகிறார். திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆகிறார். மதுரைக்கு அண்மையிலுள்ள திருவாதவூரில் பிறந்து பாண்டியனுக்கு அமைச்சராக இருந்த மாணிக்கவாசகர், திருவெம்பாவையில் கன்னியர் குரலில் பாடினார். அமைச்சரின் நெஞ்சில் ஒரு பெண்குரல் இருந்ததைத் தமிழுலகம் குறையாகக் கருதவில்லை. மார்கழிதோறும் அதனைப் பாடி மகிழ்கிறது. பாட்டில் போற்றியதை வாழ்வில் கண்டபோது மட்டும் எள்ளி நகைத்தது ஏன் என்பது, மாணவர்கள் தம் வகுப்பறையில் விவாதிக்கத்தக்க வினா. பிறரைக் கண்டு நகைப்பவர், தம்முள் தாம் காண அஞ்சும் ஒன்றை அங்கே கண்டு நகைப்பதும் உண்டு. மென்மையை மறைக்கும் சிறுவன், மென்மையான தோழனை முதலில் கேலி செய்கிறான்.

2019ஆம் ஆண்டில் நர்த்தகி பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவரே. 2021இல் தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

அதே 2019இல், ஏப்ரல் 22ஆம் நாள், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு வழங்கினார். தூத்துக்குடியில் கோயில் ஒன்றில் ஓர் இளைஞருக்கும் திருநங்கை ஒருவருக்கும் நடந்த திருமணத்தைப் பதிவுசெய்ய அலுவலர்கள் மறுத்ததால் எழுந்த வழக்கு அது. இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனத் தீர்ப்பு உரைத்தது. அத்துடன் அது நின்றிருக்கலாம்; நிற்கவில்லை. ஆண், பெண் என்னும் இருவகைக்குள் அடங்காத உடற்கூற்றுடன் பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளையும் நீதிமன்றம் கருத்திற்கொண்டது. அக்குழந்தைகளை ஏதேனும் ஒரு பாலாக மாற்றியமைக்க, அவர்கள் பேசக் கற்கும் முன்னரே அறுவை செய்யும் வழக்கம் இருந்துவந்தது. ஊரார் கண்ணுக்கு மறைப்பதே பல வேளைகளில் அதன் நோக்கம். அதனைத் தடைசெய்யுமாறு நீதிமன்றம் பணித்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிரப் பிற நிலைகளில் அத்தகைய அறுவையைத் தடைசெய்து, அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. இந்திய மாநிலங்களுள் இத்தகைய ஆணை முதலில் பிறந்தது இங்கேதான்.

அத்தீர்ப்பில் சட்டநூல்களின் மொழியைக் கடந்த ஒரு பகுதியும் உண்டு. இத்தகைய குழந்தையின் பிறப்பைப் பெற்றோர் வெட்கத்துக்குரியதாக எண்ணாதவாறு அவர்களுக்கு ஊக்கமளிக்க வேண்டும் என்றும், அக்குழந்தை தன் குடும்பத்தோடேயே வாழ உரிமை உடையது என்றும், வீட்டைவிட்டு விளிம்புக்கு ஓடும் பயணம் தடுத்து நிறுத்தப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது.