பாதிக் கருப்புக் கண்ணாடி
கேமரா கேள்வி-பதில்

கேள்வி: செபாத்து கடற்கரையில் சூரிய அஸ்தமனம் எடுக்க கிராஜுவேட்டட் என்டி ஃபில்டர் வாங்கப் போகிறேன். சாஃப்டா, ஹார்டா, ரிவர்ஸா? எத்தனை ஸ்டாப்? — கல்லூரி மாணவர், மெர்லிமாவ்

பதில்: தம்பி, வாங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் சும்மா போய் அளந்துவிட்டு வாருங்கள். ஃபில்டர் இல்லாமல், ஸ்பாட் மீட்டரில் முதலில் கரை, பிறகு சூரியனுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் வானம். நான்கு ஸ்டாப் வித்தியாசம் என்றால் மூன்று ஸ்டாப் ஃபில்டர், அதாவது 0.9. மூன்று என்றால் 0.6. அந்த ஒரு ஸ்டாப்பை வேண்டுமென்றே விட்டுவைக்க வேண்டும். நம் பக்கத்துக் கரை சேறு. தண்ணீர் வற்றியதும் அது வானத்தை அப்படியே காட்டும். ஆனால் வானத்தைவிட எப்போதும் ஒரு படி மங்கலாகத்தான் காட்டும். வித்தியாசம் முழுவதையும் ஃபில்டரால் அடைத்துவிட்டால் படத்தில் சேறு வானத்தைவிடப் பளிச்சென்று நிற்கும். எனக்கு வரும் படங்களில் பாதி இப்படித்தான் கெட்டுப்போகின்றன.

கடல் மட்டும் என்றால் அடிவானம் நேர்கோடு, ஹார்ட் பொருந்தும். ரிவர்ஸ் ஃபில்டரில் நடுக்கோட்டில்தான் கருமை அதிகம். சூரியன் கடல்மேல் உட்காரும்போது மட்டுமே அதற்கு வேலை. செபாத்துக் கரை பெரும்பாலும் தெற்கே பார்த்தது. டிசம்பரில் சூரியன் கடலில் இறங்கும், ஜூனில் நிலப்பக்கம் மரங்களுக்குப் பின்னால் போய்விடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கருமை மெல்ல மங்கும் 0.9 சாஃப்ட் வாங்குங்கள். வாரத்தில் மற்ற நாட்களில் உங்கள் கேமராவுக்கு முன்னால் மரங்கள்தானே இருக்கும்?

இன்னொன்று: நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. வட்டம் கடலைத் தொட்டால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆறே முக்காலுக்கு அளந்த அளவை ஏழே காலுக்கு நம்பாதீர்கள்.

கேள்வி: லென்ஸில் நேராகத் திருகி மாட்டும் கிராஜுவேட்டட் என்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? — வாசகர், மூவார்

பதில்: வேண்டாம். கருமை முடியும் கோடு எப்போதும் படத்தின் நட்டநடுவில் நிற்கும், நகர்த்த முடியாது. ஹோல்டரில் செருகும் 100க்கு 150 மில்லிமீட்டர் தகட்டுக்குக் காசு சேருங்கள்.

கேள்வி: இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துக் கணினியில் ஒட்டிவிடலாமே, ஃபில்டர் எதற்கு? — வாசகர், அலோர் காஜா

பதில்: அசையாத இடத்தில் ஒட்டுங்கள், நானும் ஒட்டுகிறேன். அலையும் தென்னங்கீற்றும் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் நிற்காது. கடலுக்கு ஃபில்டர்தான்.

கேள்வி: ஃபில்டர் போட்டால் வானம் ஊதாவாகிறது. ஒயிட் பேலன்ஸ் மாற்றியும் போகவில்லை. — வாசகி, உம்பாய்

பதில்: போகாது. சாயம் மேல்பாதியில் மட்டும்தான் இருக்கிறது; ஒயிட் பேலன்ஸ் படம் முழுவதையும் மாற்றுகிறது. வானத்தைச் சரிசெய்தால் கரை பச்சையாகிவிடும். மலிவான தகடுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்துவிட்டு அகச்சிவப்புக் கதிரை உள்ளே விடுவது இதற்கு ஒரு காரணம். இரண்டு தகடுகளை அடுக்கினால் இன்னும் மோசம். உங்கள் கையில் குறை இல்லை, தகட்டை மாற்றுங்கள்.

கேள்வி: நான் பிறந்த தோட்டத்தில் இப்போது நாலைந்து குடும்பங்கள்தான் மிச்சம். ஆடித் திருவிழாவுக்குப் போகிறேன். கோபுரத்துக்குப் பின்னால் வானம் கருத்துத் திரண்டு நிற்பது போல எடுக்க ஆசை. எந்த ஃபில்டர்? — ஆசிரியை, ஜாசின்

பதில்: அம்மா, ஃபில்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அந்தத் தகட்டுக்கு வானமும் தெரியாது, கோபுரமும் தெரியாது. படத்தின் மேல்பகுதியில் எது இருந்தாலும் இருட்டாக்கும். கலசம், அதன் கீழே சுதைச் சிற்பங்கள், எல்லாம் கரிபிடித்தது போலாகி, வாசல்படி மட்டும் வெளுத்துக் கிடக்கும். அமெரிக்காவின் கேலன் ரோவெல், சிங்-ரே நிறுவனத்தோடு சேர்ந்து இந்த வகை ஃபில்டர் வரிசை ஒன்றை உருவாக்கியவர். அவர் எடுத்தது மலைகள். கீழே நிழல் விழுந்த பள்ளத்தாக்கு, மேலே வெயில் பட்ட சிகரம். ஃபில்டர் கோட்டை ஒளித்துவைக்க அங்கே இடம் உண்டு. நம் தோட்டத்தில் செம்பனை, கோபுரம், லயத்துத் தகரக் கூரை எல்லாமே வானத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அங்கே கோட்டை எங்கே வைப்பீர்கள்?

கோயில் கிழக்கு பார்த்தது என்றால் காலை எட்டு மணிக்குப் போங்கள். முகப்பில் வெயில் விழும், பின்னால் வானம் தானாகவே நீலமாக இருக்கும். சாயங்காலம்தான் வேண்டும் என்றால், சூரியன் மறைந்து கால் மணி நேரம் பொறுங்கள். கோயில் விளக்கும் வானத்தின் மிச்ச வெளிச்சமும் சமமாகும் சில நிமிடங்கள் வரும். டிரைபாட் போதும்.

கருத்த வானத்தை எந்த ஊரிலும் எடுக்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. என் தாத்தா இருந்த லயம் எப்படி இருந்தது என்று காட்ட எங்கள் வீட்டில் ஒரு படம்கூட இல்லை. கோயில் படம் மட்டும் நாலு இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: பெரட்டுக் களத்தை எடுங்கள். லயத்து வாசலை, தண்ணீர்க் குழாயை, பழைய பால் ஸ்டோர் இருந்தால் அதையும் எடுங்கள். கூழ் ஊற்றும்போது வரிசையில் நிற்கும் பாட்டிகளை, அவர்களிடம் கேட்டுவிட்டு, முகம் தெரிய எடுங்கள். யார் எந்த வீட்டுக்காரர் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த ஆடிக்குள் மறந்துபோகும்.

கேள்வி: படத்தில் ஃபில்டர் கோடு அப்பட்டமாகத் தெரிகிறது. — வாசகர், சுங்கை ரம்பாய்

பதில்: எஃப்/4இல் பார்த்து ஃபில்டரை நிறுத்திவிட்டு எஃப்/16இல் எடுத்திருப்பீர்கள். துவாரம் சிறுத்தால் கோடு கூர்மையாகும். டெப்த் பிரிவியூ பொத்தானை அழுத்திக்கொண்டு, எடுக்கப்போகும் துவாரத்திலேயே தகட்டை ஏற்றி இறக்குங்கள்.

கேள்வி: புகைமூட்ட நாட்களில்? — வாசகர், பெம்பான்

பதில்: போடாதீர்கள். வெளுத்த வானம் சாம்பல் தகடாகும், வேறொன்றும் நடக்காது.

கேள்வி: உப்புக் காற்றில் ஃபில்டர் பிசுபிசுக்கிறது. சட்டை நுனியால் துடைத்தேன், கீறல் விழுந்துவிட்டது. — வாசகர், மெர்லிமாவ்

பதில்: விழத்தான் செய்யும். ரெசின் தகடு கண்ணாடியைப் போல் தாங்காது. முதலில் காற்றுப் பம்பால் ஊதி மணலைப் போக்குங்கள், பிறகு நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள், கடைசியில்தான் மெல்லிய துணி. கீறிய தகட்டைத் தூக்கிப் போட வேண்டாம். வெயிலுக்கு முதுகைக் காட்டி எடுக்கும்போது அந்தக் கீறல் தெரியாது.